அஞ்சாலைக்கு ஆற்றுத் தண்ணீர்

சங்கரன்கோவில்,
மே 11.

திரு. சிவகணேஷ் அவர்களுக்கு,

உறையின் மேலிருப்பது யாருடைய கையெழுத்து என்று தெரிந்த பிறகும் பிரித்திருக்கிறீர்கள் என்றால், அதற்கு நன்றி. உங்கள் நலத்தை விசாரித்து எழுதப் பேனா வரவில்லை. எழுதினால் அது பொய் என்று உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முகவரியை உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் எடுத்தேன். முதுநிலை விஞ்ஞானி, கழிமுக மீன்வளப் பிரிவு, கொல்கத்தா என்று போட்டிருக்கிறது. போன் நம்பரும் இருந்தது. பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடும். கடிதம் என்றால் கொஞ்சம் தாங்கும்.

வீட்டில் ஒரு அஞ்சாலை மீன் இருக்கிறது. பாம்பு மாதிரி ஒன்றரை அடி நீளம். சாம்பல் கலந்த பழுப்பு உடம்பில் மஞ்சள் பொடியைத் தூவிவிட்டது போலப் புள்ளிகள். செதில் கிடையாது, பக்கத் துடுப்பும் கிடையாது. பகலெல்லாம் ஒரு பிவிசி குழாய்த் துண்டுக்குள் கிடந்து தலையை மட்டும் வெளியே நீட்டும். கண் மந்தம், மோப்பத்தை வைத்துத்தான் இரை தேடும். ஓயாமல் வாயைத் திறந்து மூடும். பார்க்கிறவர்கள் கடிக்க வருகிறது என்று ஒதுங்குவார்கள். அது மூச்சுவிடுகிறது, அவ்வளவுதான். தப்பி ஓடுவதில் கெட்டிக்காரன் என்பதால் தொட்டி மூடியின் மேல் அம்மிக் குழவியை வைத்திருக்கிறேன்.

ராஜபாளையம் ரோட்டில் மீன் கடை வைத்திருக்கும் நஜ்முதீனிடம் வாங்கினேன். அஞ்சாலை கடல் மீனாயிற்றே என்று கேட்டேன். “அது வேற ரகம் சார், இது நல்ல தண்ணி அஞ்சாலை. ஒண்ணும் பயப்படாதீய, இறால் மட்டும் போடுங்க, கல்லு மாதிரி கெடக்கும்” என்றார். கடையிலும் அது நல்ல தண்ணீரில்தான் இருந்தது, துடிப்பாகவும் இருந்தது. நம்பினேன். விலங்கியலில் எம்.பில். முடித்தவனுக்கு மீன் கடைக்காரர் பாடம் எடுக்க வேண்டுமா என்று கேட்காதீர்கள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் கழிப்பறைத் திட்டத்தின் பயனாளிகளுக்கு நோட்டீஸ் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பிரச்சினை. சில வாரங்களாக இரை எடுப்பதில்லை. இறாலை மூக்குக்கு நேரே காட்டினாலும் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தோலில் வெள்ளையாக ஏடு படிந்திருக்கிறது. கண்ணிலும் லேசாகப் பால் படர்ந்த மாதிரி இருக்கிறது. மூச்சு வேகமாகிவிட்டது.

தண்ணீரில் நான் குறை வைக்கவில்லை. இந்த ஊர்த் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். போர்வெல்லில் வருவது உப்பு. குழாய் முனையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். தாமிரபரணித் தண்ணீர் என்றைக்கு வரும் என்று காத்திருந்து குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைப்போம். அந்தத் தண்ணீரை, குளோரின் போக வெயிலில் வைத்து, துணியில் வடிகட்டி அதற்கு ஊற்றுகிறேன். குடிக்க வைத்திருப்பதிலிருந்துகூட எடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு சங்கரம்மாள் மதில் மேலே எட்டிப் பார்த்து, “மனுசன் உப்புத் தண்ணியில குளிக்கான், பாம்புக்கு ஆத்துத் தண்ணியாக்கும். நல்லாருக்கு அண்ணாச்சி ஒங்க நியாயம்!” என்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆரல் மீனைப் பற்றிக் கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்வேன். வாசுதேவநல்லூர்க் குளத்திலும் சிவகிரிக் குளத்திலும் மூன்று வருடம் சகதியில் இறங்கி, ஆரல் பிடித்து, அளந்து, எடை போட்டு, வயிற்றை அறுத்து என்ன தின்றிருக்கிறது என்று பார்த்தவன் நான். அந்த ஆய்வு அச்சில் வந்தபோது மேலே உங்கள் பெயரும் உங்கள் பேராசிரியர் பெயரும் இருந்தன. நான் கடைசிப் பக்கத்து நன்றியுரையில், வலை கொடுத்தவருக்கும் ஃபார்மலின் வாங்கி வந்தவருக்கும் நடுவில் இருந்தேன். அதைப் பேச இதை எழுதவில்லை. ஆனால் உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் அது தானாக வந்துவிடுகிறது.

ஒரு மீன் செத்தால் சாகட்டும் என்று விடாமல் உங்களிடம் ஏன் வருகிறேன் என்று நினைப்பீர்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தை மாதக் கடைசியில் உங்கள் அக்கா முத்துமீனாளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. உயிருக்கு ஆபத்து இல்லை. கால் கொஞ்சம் திரும்பிவிட்டது, பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பேச்சு வரவில்லை. கைதான் விறகு மாதிரிக் கிடந்தது. வலது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாள். தட்டில் இடப்பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துகொள்வாள். பிசியோதெரபிஸ்ட் பாண்டிராஜ்தான், “வலது பக்கமா ஏதாச்சும் அசையுற மாதிரி வைங்க சார். டிவி வேண்டாம், சத்தத்துக்குத் திரும்பிருவாங்க” என்றார். தங்க மீன் வாங்கி வைத்தேன். திரும்பவே இல்லை. அதற்குப் பிறகுதான் இது வந்தது. இது குழாயிலிருந்து முழு உடம்போடு வெளியே வந்த அன்று முத்துமீனாள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாண்டிராஜ் ஒரு மூங்கில் இடுக்கியை அவள் வலது கையில் வைத்து, இறாலைப் பிடிக்கவைத்து, தண்ணீருக்குள் நீட்டச் செய்தார். அஞ்சாலைக்குத் தொண்டைக்குள் இன்னொரு தாடை இருப்பது உங்களுக்குத் தெரியும். அது கவ்வி உள்ளே இழுத்தது. அந்த இழுப்புக்கு அவள் விரல் இறுகியது. மாசி முழுக்க எத்தனையோ பயிற்சிக்கு இறுகாத விரல். அன்றிலிருந்து அந்தக் கைக்கு இருக்கும் ஒரே வேலை அதுதான். பந்து கொடுத்தால் போட்டுவிடுவாள், கயிறு கொடுத்தால் போட்டுவிடுவாள். இறாலும் இடுக்கியும் என்றால் கை மேலே வரும்.

இப்போது அது இரை எடுப்பதில்லை. அவளும் இடுக்கியைத் தொடுவதில்லை. விரல்கள் மறுபடியும் விறைத்துக்கொண்டு வருகின்றன.

உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றால், நான் சொல்லக் கூடாது என்று சொன்னதால்தான். இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று உங்களிடம் சொன்னது நான். ஒரு வியாதி வந்துவிட்டது என்பதற்காக அதை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

மீனுக்கு என்ன செய்வது என்பதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
குற்றாலநாதன்

*

சங்கரன்கோவில்,
ஜூன் 3.

மைத்துனர் சிவகணேஷ் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் பார்சலும் வந்துசேர்ந்தன. பார்சலை நான் கேட்கவில்லை. ஆனாலும் திருப்பி அனுப்பும் நிலைமையில் இல்லை.

“இது நன்னீர் மீனே அல்ல. கங்கையின் முகத்துவாரச் சேற்றில் பிடித்து, நல்ல தண்ணீரில் போட்டு விற்கிறார்கள். குட்டியாக இருக்கும்போது சில மாதம் தாங்கும். வளர வளர உப்பு கேட்கும். நீங்கள் ஊற்றும் ஆற்றுத் தண்ணீர்தான் அதைக் கொல்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வாக்கியம். திரும்பத் திரும்பப் படித்தேன். இளங்கலை மாணவனுக்குச் சொல்வது போலத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு கண்டுபிடிக்க இடமில்லை.

ஊரில் எல்லாரும் எதற்கு ஏங்குவோமோ அதைத்தானே கொடுத்தேன். வியாதிக்காரிக்கும் அதுதான், விருந்தாளிக்கும் அதுதான். அவள் குடிக்க வைத்திருந்ததிலிருந்து மொண்டு ஊற்றியபோது எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. கடைசியில் சங்கரம்மாள் மதில் மேலிருந்து சொன்னதுதான் அறிவியலாகிவிட்டது. அவளிடம் இதை நான் சொல்லப்போவதில்லை.

நஜ்முதீனிடம் போய்ச் சத்தம் போட்டேன். “சார், எனக்கு மதுரையில சொன்னத நான் ஒங்களுக்குச் சொன்னேன். அவனுக்கு சென்னையில சொல்லிருப்பான். நான் என்ன கடலுக்குள்ள போயா பாத்தேன்?” என்றார். பிறகு கடைக்குள் போய், உப்பைக் கரைக்க ஒரு புது வாளியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாளியோடு பஸ் ஏறினேன்.

நீங்கள் எழுதியபடியே செய்கிறேன். போர் தண்ணீரில் பார்சலில் வந்த கடல் உப்பைக் கரைத்து, ஒரு நாள் வைத்திருந்து, பழைய தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு இதைக் கொஞ்சம் விடுகிறேன். அவசரப்பட்டால் அதற்கே ஆபத்து என்று கோடு போட்டிருக்கிறீர்கள். நான் அவசரப்படுகிறவன் அல்ல. வாரம் ஒருமுறை உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்து அந்த வாரத்து அளவைப் பார்த்துக்கொள்கிறேன். உப்பின் அளவு பார்க்க நீங்கள் அனுப்பிய மிதவையைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கும்போது முத்துமீனாள் கவனிக்கிறாள். அது எழும்புவது அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். சரியாகத் தெரியவில்லை. இப்போதெல்லாம் அவளைப் பற்றி நான் சொல்வது எல்லாமே நினைப்புதான்.

நடுவில் ஒன்று நடந்தது. நான் கடைக்குப் போயிருந்தபோது சங்கரம்மாள் வந்து, கோவிலிலிருந்து கொண்டுவந்த புற்றுமண்ணைக் குழைத்து அவள் கையில் பூசியிருக்கிறாள். அதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மிச்சத்தை மீன் தொட்டிக்குள் போட்டுவிட்டாள். குழவியைத் தூக்கிவிட்டு, மூடியைத் திறந்து! தண்ணீர் காபி மாதிரி ஆகிவிட்டது. கத்தினேன். அவள் அசையவில்லை. “அதுவும் நம்ம நாகராசா மாதிரிதான அண்ணாச்சி. ரெண்டு பேருக்கும் ஒரே சாமி பாத்துக்கிடும்னு போட்டேன். நீரு படிச்சவரு, ஒமக்கு என்ன தெரியும்?” என்றாள். முத்துமீனாள் சிரித்தாள். வாயின் ஒரு பக்கம்தான் மேலே போனது, ஆனாலும் அது சிரிப்புதான். அதனால் மேலே திட்டவில்லை. சாயங்காலம் வரை தண்ணீரைத் தெளியவைத்துக்கொண்டிருந்தேன். மீன் அதற்கெல்லாம் அசரவில்லை. சேற்றில் பிறந்ததுதானே.

தோலிலிருந்த வெள்ளை ஏடு குறைந்திருக்கிறது. கண் தெளிந்திருக்கிறது. இரை மட்டும் எடுக்கவில்லை. பல வாரம் பட்டினி கிடக்கக்கூடிய இனம், பயப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மீனைப் பற்றி நான் பயப்படவில்லை. அது எத்தனை வாரம் கிடக்குமோ அத்தனை வாரமும் அந்தக் கை சும்மா கிடக்கிறது. நரம்பு டாக்டர், முதல் ஆறு மாதத்தில் திரும்புவதுதான் திரும்பும் என்று சொன்னார். அதற்குப் பிறகும் வரலாம், ஆனால் கஷ்டம் என்று இழுத்தார். காலண்டரைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

எனக்குக் கீழே இருந்த பேச்சிராஜ் இப்போது ஆபீசில் எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறான். அரைச் சம்பள லீவுக்கு அவனிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். “வீட்டம்மாவப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, ஆபீசு எங்கன போயிரப்போகுது” என்று அவன் அன்பாகச் சொல்வது அதைவிடப் பொறுக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் கேட்டதற்கு இரண்டு பக்கம் பதில் இருந்தது. கேட்காதது கடைசியில் ஒரே வரி. அக்காவைப் பார்க்க வரலாமா என்று.

அந்த வரிக்கு இப்போது பதில் எழுத முடியவில்லை.

குற்றாலநாதன்

*

சங்கரன்கோவில்,
ஜூலை 29.

கணேஷ்,

ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டது. ரத வீதிகளில் கடை போட ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டத்துக்கு நடுவே முத்துமீனாளை அழைத்துப்போக முடியாது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். மேளச் சத்தம் கேட்டதும் இடது பக்கமாகத் திரும்பினாள்.

மீனைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். தோல் சுத்தமாகிவிட்டது. மஞ்சள் பொடி மறுபடியும் பளிச்சென்று தெரிகிறது. சாயங்காலம் விளக்கு போடுவதற்கு முன்பு குழாயை விட்டு வெளியே வந்து தொட்டியின் ஓரமாக ஒரு சுற்று சுற்றுகிறது. நேற்று முன்தினம் நான் நீட்டிய இறாலை மோந்து பார்த்தது. கவ்வவில்லை. ஆனால் தலையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. உன் உப்பு வேலை செய்கிறது. இதைச் சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன்.

அவள்தான் திரும்பவில்லை. மீன் வெளியே வருகிறது, அவள் பார்ப்பதில்லை. இடுக்கியைக் கையில் வைத்தால் விரலுக்கு நடுவே வழிந்து விழுகிறது. பாண்டிராஜ் வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்துவிட்டார். “அம்மா மனசு வைக்க மாட்டேங்காங்க சார். நான் கைய அசைக்கலாம், மனச எங்கன போயி அசைக்க?” என்றார். அவர் மேலும் கோபப்பட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. யார் மேலே கோபப்பட்டாலும் முடிவில் இப்படித்தான் ஆகிறது.

ஊர்க்காரர்கள் பழமும் பால் பவுடரும் வாங்கிக்கொண்டு வந்து, அவள் முன்னாலேயே அவளைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். அவள் என்னைப் பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள். இந்த வீட்டில் அப்படிச் செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்கு என்ன வேண்டும் என்று நீ எழுதிவிட்டாய். இன்னொருவருக்கு என்ன வேண்டும் என்று கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகும் என்னால் சொல்ல முடியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. உப்புக் கரைக்க உட்கார்ந்தேன். உன் இரண்டாம் பக்கத்தை எடுத்தேன். வழக்கமாக மனதுக்குள்தான் படிப்பேன். நேற்று வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. யாருடைய குரலாவது கேட்கட்டுமே என்று சத்தமாகப் படித்தேன். “தண்ணீரை மெதுவாக விடுங்கள் அத்தான். அதற்குக் கண் தெரியாது, மோப்பம் பழகும் வரை பயப்படும்” என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய் அல்லவா, அந்த இடம். அத்தான் என்று நீ எழுதியிருந்ததை அதற்கு முன்னால் நான் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டிருந்தேன்.

முத்துமீனாள் வலது பக்கம் திரும்பினாள். மீனைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தாள். உன் கையெழுத்தைத் தெரிந்துகொண்டாளா, அல்லது நான் படித்த தோரணையிலிருந்து புரிந்துகொண்டாளா, தெரியவில்லை. வலது கை மடியிலிருந்து எழுந்தது. தோளிலிருந்து நடுங்கிக்கொண்டே வந்தது. நான் பிடித்துவிடப் போனேன், பிறகு போகவில்லை. கை தாளின் மேல் விழுந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. தாளைக் கசக்கி உள்ளங்கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

இன்று சாயங்காலம் வரை விடவில்லை. சாப்பிடும்போதும் விடவில்லை. குளிப்பாட்டும்போது கையை மட்டும் தண்ணீர் படாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். சங்கரம்மாள் வந்து பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி அது, சொத்துப் பத்திரமா?” என்று கேட்டாள். தம்பி எழுதின கடிதம் என்றேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பாண்டிராஜிடம் போனில் சொன்னேன். தசை இறுக்கமாகவும் இருக்கலாம் சார், ரொம்ப நம்பிராதீய என்றார். எனக்கும் அது தெரியும். நானும் நாலு பக்கம் படித்தவன்தான். இறுக்கத்துக்குத் தாள் எது, துணி எது என்று தெரியாது. போன வாரம் நான் செய்தித்தாளைச் சுருட்டி அந்தக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வாங்கவில்லை.

அவளுக்கு நீ யார் என்பதை நான் மறந்துவிடவில்லை. உங்கள் அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவள். எங்களுக்கும் பிள்ளை இல்லை. இத்தனை வருடத்தில் உன் பேரை எடுத்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்சு இருந்தபோதே பேசவில்லை. அதற்கு அவள் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆரல் விஷயம் அப்படியே இருக்கிறது. அது போய்விட்டது என்று நினைத்துவிடாதே. நன்றியுரையில் என் பேருக்கு இனிஷியல்கூடத் தப்பு. அதை நேரில் பேச வேண்டும், உட்கார்ந்து பேச வேண்டும், நிறைய நேரம் ஆகும்.

இப்போதைக்குப் பிரச்சினை வேறு. வரும் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு உப்பு விட வேண்டும், அதற்கடுத்த வாரம் எவ்வளவு, எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் அவள் கைக்குள் இருக்கிறது. விரலைப் பிரித்து எடுத்துவிடலாம். எனக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. எடுக்க முடியவில்லை.

இன்னொரு தாளில் எழுதி அனுப்பாதே. தபால் தாமதமாகும். போனிலும் சொல்லாதே, எனக்குச் சரியாகக் கேட்காது. சென்னை வந்து பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் இங்கே இறங்கிவிடலாம். ஸ்டேஷனுக்கு நான் வர முடியாது, அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வாசல் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். உள்ளே வரும்போது வலது பக்கமாக வா. தொட்டி இருக்கும் பக்கம். இடது பக்கமாக வந்தால் சுலபமாகப் பார்த்துவிடுவாள், அது வேண்டாம். வலது பக்கம் வந்து நில். அவள் திரும்பட்டும்.

சங்கரலிங்க சுவாமி உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அத்தான்
குற்றாலநாதன்